நாற்பத்தோராவது அசைவு

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்லும்போது நான் கொஞ்சம் கைச்சரக்கு சேர்க்கிறவள்தான். இல்லாத நாயைக் குரைக்க வைத்திருக்கிறேன், அடிக்காத காற்றை அடிக்க வைத்திருக்கிறேன். ஆனால் இதில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நான் சொல்லப்போகிற நேரங்கள் என் ஞாபகத்திலிருந்து வருபவை அல்ல. ஒரு கம்ப்யூட்டர் எழுதி வைத்த காகிதத்திலிருந்தும் ஒரு சுவர்க் கடிகாரத்திலிருந்தும் வருபவை. அந்தக் காகிதம் இன்றும் என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேய்க் கதை என்றதும் நடு ராத்திரிக்குத் தயாராகி, கால்களை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருந்தால், கண்ணுகளா, என்னை மன்னித்துவிடுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் 1:40-க்குத் தொடங்கியது. 3:17-க்கு முடிந்தது. நல்ல வெயில். ராத்திரி என்றால் எனக்கு இன்றைக்கும் பயமில்லை. ஆளில்லாத மத்தியானம்தான்...

சரி. முதலிலிருந்து வருகிறேன்.

அப்போது நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். மருந்து, சாயம் போன்றவற்றைக் கலக்குகிற பெரிய மூடிய டேங்குகளைச் செய்கிற இடம். ஓர் ஆள் உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரியவை. அவர் கீழே ஃபிட்டர். நான் மாடியில் கம்ப்யூட்டர்.

அந்த டேங்குக்குள் இருக்கிற சரக்கு விஷம். ஒரு சொட்டு வெளியே கசியக் கூடாது. ஆனால் கலக்க வேண்டும். கலக்குகிற தண்டை நாங்கள் 'மத்து' என்போம். மத்தைச் சுற்ற வேண்டுமானால் சுவரில் ஓட்டை போட்டு மோட்டாரோடு சேர்க்க வேண்டும். ஓட்டை போட்டால் கசியும். அதனால் ஓட்டையே போடுவதில்லை. டேங்கின் பக்கவாட்டில், வெளியே, ஒரு காந்த வளையம். சுவருக்கு அந்தப் பக்கம், மத்தோடு சேர்ந்து இன்னொரு காந்த வளையம். வெளி வளையத்தை மோட்டார் சுற்றும். உள் வளையம் தானாகக் கூடவே சுற்றும். சின்ன வயசில் மேசைக்கு அடியில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே குண்டூசியை நடக்க வைத்திருப்பீர்களே, அதேதான்.

இதில் ஒன்றை மட்டும் நெஞ்சில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சுற்றினால் உள்ளே சுற்றும். அதே மாதிரி, உள்ளே யாராவது சுற்றினால்... வெளியேயும் சுற்றும்.

இதை வைத்து எங்கள் ஃபிட்டர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. டேங்குக்கு ஆள் நுழைகிற வட்டக் கதவு உண்டு, பன்னிரண்டு போல்ட். அதன் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் உள்ளே போய் உட்காருவார். வெளியே நிற்கிறவர் கதவைச் சாத்தி போல்ட்டை முறுக்கிவிடுவார். உள்ளே எங்காவது கீற்று வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் சரியில்லை. கும்மிருட்டு என்றால் வேலை சுத்தம். இதற்கு 'இருட்டு பார்ப்பது' என்று பெயர்.

பார்த்து முடித்ததும் உள்ளே இருப்பவர் எப்படிச் சொல்வார்? கத்தினால் கேட்காது. சுவர் அவ்வளவு கனம், பட்டறை அவ்வளவு சத்தம். அதனால் மத்தைப் பிடித்து மூன்று தடவை அசைப்பார். கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வெளி வளையம் மூன்று தடவை துள்ளும். வெளியே நிற்கிறவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடியே நிற்க வேண்டும். மூன்று துள்ளல் என்றால், கதவைத் திற.

எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தது. ஆள் குறைவான நாட்களில் அவருக்காக வெளியே நின்றவள் நான். அந்த மூன்று துள்ளலை என் உள்ளங்கை அறியும்.

இனி என் வேலை. என்னைத் தட்டச்சுக்குத்தான் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் காந்தங்களை ஓடவிட்டுப் பார்க்கிற ஒரு மென்பொருள் வந்தது, யாரும் தொடவில்லை. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் உதவிப் பக்கங்களை எட்டு மாதம் படித்தேன். இரண்டு வளையங்களையும் வரைய வேண்டும். ஒவ்வொரு காந்தத்துக்கும் எந்தப் பக்கம் வடக்கு என்று அம்புக்குறி போட வேண்டும். சுவரை வரைய வேண்டும். கடைசியில் காற்றையும் வரைய வேண்டும். ஆமாம், சுற்றியிருக்கும் வெற்றுக் காற்றையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி வலை போட்டுக் கொடுத்தால்தான் காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்று அது சொல்லும். வெளி வளையத்தை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தினால், என்ன முறுக்கு, அதாவது திருகும் விசை, வருகிறது என்று வரி வரியாக எழுதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணியையும் எழுதிவிடும்.

அன்றைக்கு விடுமுறை. ஒரு டேங்க் திரும்பி வந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரரே வெளியூர் போய், நான்கு நாள் தங்கிப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்த டேங்க். கூட வந்த சீட்டில் ஒரே வரி: 'காந்தம் நழுவுகிறது.' அதாவது, வெளி வளையத்தின் பிடியிலிருந்து உள் வளையம் விட்டுப்போகிறது. ஆரோக்கியமாக இருந்தால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நான் கணக்கிட வேண்டும். நிஜத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று அவர் அளக்க வேண்டும். மற்ற நாட்களில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் போட்டி. அதனால்தான் விடுமுறையில் வந்தோம்.

காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னார்.

"மத்தியானம் இருட்டு பார்க்கணும். நீ வந்து நிக்கணும்."

"கூப்பிடுங்க, வர்றேன்."

"கணக்கு ஓடிட்டிருந்தா?"

"அது பாட்டுக்கு ஓடும். அது முக்கியமா, நீங்க முக்கியமா?"

"அதைத்தான் நானும் பதினாறு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

"பேச்சைப் பாரு. வாட்ச்மேனை நிக்க வச்சிட்டு உள்ள போயிடாதீங்க, சொல்லிட்டேன்."

"யாரு, சரிங்கவையா? அவரை நம்பி உள்ள போனா நான் உள்ளேயே பென்ஷன் வாங்க வேண்டியதுதான்."

வாட்ச்மேனுக்கு 'சரிங்க' என்று பெயர். எதைச் சொன்னாலும் சரிங்க என்பார். பாதி காதில் விழாது. விழுந்த பாதியும் அடுத்த நிமிஷம் மறந்து போகும். நல்ல மனுஷர். அன்றைக்குக் கம்பெனியில் நாங்கள் மூன்று பேர்தான்.

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்னும் நான் ஒரு சோதனை போடுவேன். வளையத்தைத் திருப்பாமல், வடக்குக்கு நேர் தெற்கு இருக்கும்படி, அப்படியே வைத்துவிட்டு, வலையை மட்டும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்பேன். நேருக்கு நேர் நிற்கிற காந்தங்கள் ஒன்றையொன்று திருகாது. அதனால் எப்போதும் சுழியம்தான் வர வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு வரி. நான் நிறுத்தும் வரை ஓடும்.

1:40. முதல் வரி வந்தது.

4.2.

சுழியம் இல்லை. நாலு புள்ளி ரெண்டு. அடுத்த வரியும் 4.2. அதற்கடுத்ததும் 4.2. ஏதோ தப்பாக வரைந்திருக்கிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிறுத்தக் கை போவதற்குள் நாலாவது வரி வந்தது. சுழியம். அப்புறம் சுழியம், சுழியம், சுழியம்...

சரி, தொலைந்தது என்று தண்ணீர் குடித்தேன். டம்ளரை வைக்கிறேன்.

4.2. 4.2. 4.2.

மறுபடி சுழியங்கள்.

வலை மாறுவதால் வருகிற கோளாறு என்றால் தாறுமாறாக வரும். இது தாறுமாறாக இல்லை. ஏறத்தாழ இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது. வந்தால் மூன்று வரி. அம்புக்குறிகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. வலையைக் கையால் நெருக்கிப் போட்டேன். அப்படியும் வந்தது.

2:04-க்கு இன்ஜினியர் தம்பிக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். எதைச் சொன்னாலும் மூன்று தசமம் கேட்பார். அதனால் அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் 'தசமம்'.

"தம்பி, நேரா வச்சிருக்கும்போதே முறுக்கு வருது."

"எவ்வளவுக்கா?"

"நாலு புள்ளி ரெண்டு."

"அதுக்கப்புறம்?"

"இதைக் கேட்காம விடமாட்டீங்கன்னு தெரியும். நாலு புள்ளி ரெண்டு சுழி ஏழு."

"அம்புக்குறி ஏதாவது திரும்பிக் கிடக்கும்."

"எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"வலை?"

"மாத்திட்டேன். மூணு தடவை வருது, நிக்குது. மறுபடி மூணு தடவை."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவருக்குப் போனை வைக்கிற அவசரம்.

"அப்போ உள்ள யாரோ உக்காந்து சுத்துறாங்கன்னு எழுதிக்குங்கக்கா."

சிரித்தார். நானும் சிரித்தேன். 2:06-க்குப் போனை வைத்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

2:31-க்கு வேறொன்றைக் கவனித்தேன். எண் குறைந்திருந்தது. 3.6, 3.6, 3.6. வரைபடத்தில் நான் எதையும் மாற்றவில்லை. அடுத்த தடவை 3.4. இடைவெளியும் கொஞ்சம் ஒழுங்கு தப்பியிருந்தது. ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்குவதுபோல...

என் மேசையில் பழைய காந்தத் துண்டு ஒன்று கிடக்கும். காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருப்பேன். அதன்மேல் குண்டூசிகள் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். திரையில் மூன்று வரி வந்த அதே சமயத்தில்... குண்டூசிகள் சாய்ந்தன. எல்லாம் ஒரே பக்கம். மாடிப்படி இருக்கும் பக்கம். ஒன்று. இரண்டு. மூன்று.

மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தினேன்.

அறை அமைதியானது. அப்போதுதான் உறைத்தது. கீழேயும் அமைதி. கம்ப்ரஸர் ஓடவில்லை. சுத்தியல் சத்தமில்லை. அவர் வேலை செய்கிற எந்தச் சத்தமும் எவ்வளவு நேரமாகவோ இல்லை.

2:40. கடைசி வழியாக ஒன்று செய்தேன். வரைபடத்திலிருந்து உள் வளையத்தை எடுத்துவிட்டேன். மொத்தமாக அழித்தேன். சுவரையும் அழித்தேன். இப்போது திரையில் வெளி வளையமும் அதைச் சுற்றி வெறும் காற்றும்தான். இழுப்பதற்கு இரும்பு கிடையாது, காந்தம் கிடையாது. காற்று இழுக்காது.

0.0. 0.0. 0.0.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன்.

3.1. 3.1. 3.1.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். எழுந்திருக்கவில்லை. 

2.7... 2.7... 2.7...

2:58-க்கு 2.1. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் வலது கை கண்ணில் பட்டது. மேசைமேல் உள்ளங்கை குப்புற, விரல்கள் விரிந்து, அசையாமல் இருந்தது. எதன் மேலோ வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல.

என் புத்திக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று துள்ளல். கதவைத் திற.

என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சரிங்கவை நிற்க வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். சரிங்க போல்ட்டை முறுக்கிவிட்டு, மறந்து, போய்விட்டார். இவர் ஒன்று நாற்பதிலிருந்து... உள்ளே... அசைத்துக்கொண்டே...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இருபத்திரண்டு படி. கீழே சுவர்க் கடிகாரம் 3:01.

பட்டறையில் ஒருவரும் இல்லை. டேங்க் நடுவில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. பன்னிரண்டு போல்ட்டும் முறுக்கியிருந்தது.

கதவுக்குக் கீழே அவர் செருப்பு.

உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.

"என்னங்க!"

கத்தினேன். சுவரைக் கையால் அடித்தேன். பதில் இல்லை.

அவர் போனுக்கு அடித்தேன். மணி கேட்டது. ஒரு கணம் உயிர் வந்தது. பார்த்தால்... ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில்.

"சரிங்க! வாட்ச்மேனே! யாராவது வாங்களேன்!"

வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

ஸ்பேனரை எடுத்தேன். முதல் போல்ட்டில் தொங்கினேன். என் உடம்பு எடை முழுவதையும் போட்டேன். அசைந்தது. கழன்றது. 3:06. இரண்டாவது போல்ட், 3:09. மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டிகள் இரும்பில் மோதித் தோல் உரிந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி வழுக்கியது. ரத்தத்தில் பிடி நிற்கவில்லை.

இன்னும் பத்து.

கணக்குப் போடத் தெரிந்தவள் இல்லையா நான்? ஒரு போல்ட்டுக்கு மூன்று நிமிஷம் என்றால் பத்துக்கு முப்பது நிமிஷம். 2.1 முப்பது நிமிஷம் தாங்காது.

காதைச் சுவரில் வைத்தேன். சில்லென்று இருந்தது.

ஒன்றுமில்லை.

செய்வதற்கு எனக்கு வேறெதுவும் மிச்சமில்லை, கண்ணுகளா. ஸ்பேனர் கீழே கிடந்தது. நான் வெளி வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"நான் இருக்கேங்க... வெளிய நான்தான் நிக்கிறேன்..."

அசைந்தது.

லேசாக.

இன்னொரு தடவை... இன்னும் லேசாக.

மூன்றாவது... வந்ததா, என் நாடித் துடிப்பா என்று...

வந்தது.

அப்புறம் இல்லை.

காத்திருந்தேன்.

இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது.

"ஏம்மா... என்ன பண்றே? கையெல்லாம் ரத்தம்!"

திரும்பினேன். அவர். என் வீட்டுக்காரர். ஒரு கையில் டீ ஃபிளாஸ்க். காலில் பூட்ஸ். பின்னால் சரிங்க, பிஸ்கட் பொட்டலத்தோடு.

கடிகாரம் 3:17.

 சட்டையில்லாமல் அவர் போட்டிருந்த பனியனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பனியனெல்லாம் ரத்தம்.

"செருப்பு வார் அறுந்துடுச்சு. கழட்டிப் போட்டுட்டு டீ வாங்கப் போனேன். கடை மூடியிருந்துச்சு, அடுத்த தெருவுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள... என்ன ஆச்சு? சொல்லு."

"உள்ள... உள்ள ஆள்..."

"உள்ள யாரு?"

"அசைஞ்சுது. மூணு தடவை. இப்போதான். என் கைக்குள்ள."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். பத்து போல்ட்டை ஆறு நிமிஷத்தில் கழற்றினார். கதவைத் திறந்து டார்ச் அடித்தார்.

காலி.

ஆள் மட்டுமில்லை. உள் வளையமும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"காலையில பதினொரு மணிக்கே கழட்டிட்டேனே. அளக்கணும்ல? அப்புறம் தூசி போகாம இருக்கக் கதவை முறுக்கி வச்சேன்."

அலமாரியைத் திறந்து காட்டினார். துணியில் சுற்றி, உள் வளையம் கீழ்த்தட்டில் கிடந்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் வெளி வளையத்தை எது அசைத்தது?

மாடிக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுழியம், சுழியம், சுழியம். கடைசியாக மூன்று வரி 3:12-க்கு வந்திருந்தது. அதன் பின் எதுவுமில்லை. முதலிலிருந்து எண்ணினார், விரல் வைத்து. நாற்பது தடவை. மூன்று மூன்றாக நாற்பது.

வழக்கமாக என்னைக் கிண்டல் செய்கிறவர். அன்றைக்குச் செய்யவில்லை.

நாங்கள் நடந்ததைச் சொன்னதும் தசமம் சிரித்தார். ஆனாலும் டேங்கை அனுப்பிய கம்பெனிக்கு எழுதி, காந்தம் எப்படி நழுவியது என்று முழுக் குறிப்பும் வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் நாள் வளையத்தைத் திரும்ப மாட்டி, இருட்டு பார்க்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"வேலைன்னு வந்துட்டா என்னம்மா பண்றது? நீ கையை எடுக்காம நில்லு."

எடுக்கவில்லை. அவர் உள்ளே போன நாலாவது நிமிஷமே மூன்று துள்ளல் வந்தது. திறந்தேன். வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமில்லை.

"மத்தைப் பிடிச்சேன்... தண்டு சூடா இருந்துச்சு. யாரோ இவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருந்த இடத்துல பிடிச்ச மாதிரி."

 

ஐந்தாம் நாள் லாரி வந்தது. டேங்கை ஏற்றிக்கொண்டு போக. டிரைவர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், தசமம் கேட்ட குறிப்பு அது. டேங்கைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"கயித்தை நீங்களே கட்டுங்கண்ணே. நான் இதைத் தொடமாட்டேன்."

"ஏன்பா?"

"உங்களுக்குச் சொல்லலையா? இதுக்குள்ளதானே அந்த ஆள் போனாரு."

"எந்த ஆள்?"

"சுத்தம் பண்றவர். ஒல்லியா இருப்பாரு. கதவு ரப்பர் பார்க்க உள்ள உக்காந்திருக்காரு. வெளிய நின்னவருக்கு ஷிஃப்ட் முடிஞ்சுது, அவர் பாட்டுக்குப் போயிட்டாரு. அடுத்து வந்தவருக்கு உள்ள ஆள் இருக்கிறதே தெரியாது. மறுநாள் காலைலதான் திறந்தாங்க." டிரைவர் குரலைத் தணித்தார். "மூணு பிள்ளைங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

என் வீட்டுக்காரர் நோட்டைப் பிரித்தார். எனக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டார். அழகான கையெழுத்து. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர் எழுதியது. பொறுப்பான மனுஷர் போலிருக்கிறது. ஒன்றையும் விடவில்லை.

'பிற்பகல் 1:40. மோட்டார் நின்ற நிலையில் வெளி வளையம் மூன்று தடவை தானாக அசைந்தது. காந்தக் கோளாறு என்று தெரிகிறது. கவனித்து வருகிறேன்.'

பிறகு வரிசையாக நேரங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மூன்று தடவை.' ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார். 2:31-க்கு எதிரே 'அசைவு குறைகிறது' என்று இருந்தது. 2:58-க்கு எதிரே 'மேலும் குறைகிறது.'

கடைசி வரி:

'3:17. நாற்பத்தொன்றாவது. மிக லேசாக. அதன் பின் அசைவு இல்லை. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது.'

தேதி, எங்கள் விடுமுறை நாளுக்குப் பதினேழு நாள் முந்தையது.

லாரி போன பிறகும் அவர் படிக்கட்டில் உட்கார்ந்தே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

"அந்த ஒல்லி மனுஷனை எனக்குத் தெரியும். பொருத்தப் போனப்ப நாலு நாளும் என்கூடவே இருந்தான். இருட்டு பார்க்க நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிட்டான்."

"மூணு தடவை அசைக்கணும்னும்..."

"நான்தான் சொன்னேன். 'பயப்படாதே, அசைச்சா வெளிய நிக்கிறவனுக்குத் தெரியும்'னு."

"வெளிய நிக்கிறவங்களுக்கும் சொன்னீங்கள்ல?"

 அங்கே இருந்த நான்கு நாளும் வெளியே நின்றவர் அவரேதான். சொல்வதற்கு அங்கே வேறு ஆள் இருந்ததே இல்லை. உள்ளே போகிறவனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று மாலை நான் மாடிக்குப் போய் அந்தக் கணக்கை அச்செடுத்தேன். மறுபடி எண்ணினேன். நோட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். 1:40 முதல் 3:12 வரை எல்லா நேரமும் பிசகாமல் பொருந்தின. நோட்டில் நாற்பத்தொன்று. காகிதத்தில் நாற்பது. ஒன்று குறைந்தது.

அந்த ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

3:17. அது கம்ப்யூட்டருக்கு வரவில்லை. என் உள்ளங்கைக்கு வந்தது. "வெளிய நான்தான் நிக்கிறேன்" என்று நான் சொன்ன பிறகு வந்தது.

அந்த மனுஷன் நாற்பது தடவை கேட்டு, நாற்பத்தோராவது தடவைதான் வெளியே ஒருத்தி கை வைத்தாள்... பதினேழு நாள் பிந்தி.